அம்புட்டுத்தேனா, அம்புட்டுந்தேனா?

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு முறை வாய் தவறி, "ஃபங்ஷன் பாயின்ட் எண்ணுகிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மதுரையில் ஃபங்ஷனுக்கா பஞ்சம்? காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று நடக்கும் விசேஷங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இலை போட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறவள் இவள் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். பழங்காநத்தத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் யோசனை கேட்டே வந்துவிட்டார். நானும் ஓர் எண்ணைச் சொன்னேன். கடைசிப் பந்தியில் ரசம்தான் மிஞ்சியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர்கள் நினைத்ததில் பெரிய பிசகில்லை. ஒரு மென்பொருள் எவ்வளவு பெரியது என்று சொல்வது நம் வேலை. அதற்குள் எத்தனை வரி நிரல் இருக்கிறது என்பதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அதைப் பயன்படுத்துகிறவர் அதை வைத்து என்னென்ன காரியங்களை முழுதாக முடித்துக்கொள்ள முடியும் என்று பார்க்கிறோம். வந்த சரக்கைப் பதிவது ஒரு காரியம், ரசீது எடுப்பது ஒரு காரியம், இருப்பைப் பார்ப்பது ஒரு காரியம். இப்படி எண்ணி, ஒவ்வொன்றின் கனத்தையும் போட்டு ஓர் அளவு சொல்கிறோம். அதை வைத்துக்கொண்டு எத்தனை ஆள், எத்தனை மாதம் என்று மற்றவர்கள் பேரம் பேசுவார்கள்.

புதிதாக எழுதும் மென்பொருளுக்கு இது தைத்துப் போடும் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி. நம்மைப் பாடாய்ப் படுத்துவது பேக்கேஜ்கள்தான். கொள்முதலிலிருந்து ஆள் வருகைப் பதிவு வரை ஒரு நிறுவனத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்து விற்கிறார்களே, அவை ரெடிமேட் சட்டைகள். விற்கிறவர் சட்டையின் அளவைச் சொல்வார். வாங்குகிறவர் தன் உடம்பின் அளவைச் சொல்வார். நடுவில் உட்கார்ந்து கையைக் குறைத்து இடுப்பைப் பிடித்துக் கொடுப்பவர், தான் போட்ட தையலின் அளவைச் சொல்வார். மூன்று பேரும் மூன்று எண்ணை வைத்துக்கொண்டு சட்டையைப் பிடிக்கும்போது நமக்குப் போன் வரும்.

அப்படி எனக்கு வந்த ஒரு போனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, யாராவது கேட்டால் மட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

கூப்பிட்டவள் கார்த்திகா. சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, விளாங்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி பிடித்து, பேக்கேஜ்களை நிறுவிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போக மனமில்லாத பத்துப் பன்னிரண்டு பேர் அவளிடம் வேலை பார்த்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பேரையூர்ப் பக்கத்தில் தவசி என்பவருடைய பருப்பு மில்லுக்கு ஒரு பேக்கேஜை நிறுவிக் கொடுப்பது. முடித்தும் விட்டாள். கையெழுத்து வாங்கப் போன இடத்தில்தான், "இதுல பாதிதான இருக்கு, மிச்சத்த எங்க?" என்று தவசி கேட்டிருக்கிறார்.

தகராறு இதுதான். முதல் கூட்டம் வீடியோவில் நடந்தது. பேக்கேஜ் நிறுவனத்தின் ஆலோசகர் சென்னையில், கார்த்திகா விளாங்குடியில், தவசி தன் மில்லில். ஆலோசகர் முதலில் கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு என்று நான்கு பகுதிகளைக் காட்டினார். பிறகு இயந்திரப் பராமரிப்பு, லாரிப் போக்குவரத்து, தரச் சோதனை, ஆள் வருகை என்று இன்னும் நான்கைக் காட்டினார். கடைசியில், "சார், மொதல்ல காட்டின நாலு மட்டும் போதுமா, இல்ல பின்னாடி காட்டினதும் சேர்த்தா?" என்று கேட்டார். தவசி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

அந்த வார்த்தை அம்புட்டுத்தேனா, அம்புட்டுந்தேனா என்பதுதான் வழக்கு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அம்புட்டு என்றால் அவ்வளவு. அம்புட்டுத்தேன் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். அம்புட்டுந்தேன் என்றால் அவ்வளவும்தான், ஒன்றுவிடாமல் வேண்டும். சிறிய மென்பொருளுக்கும் பெரிய மென்பொருளுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு மெய்யெழுத்து. சென்னை ஆலோசகர் 'அவ்வளவுதான்' என்று எழுதிக்கொண்டார். கார்த்திகாவுக்கும் அப்படித்தான் கேட்டது. அவளிடம் இருந்த ஆட்களுக்கு நான்கு பகுதிதான் தாங்கும் என்பதால் வேறு மாதிரி கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை. எல்லோரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். தவசி படித்துப் பார்க்காமல் போட்டார். அவருக்கு, தான் சொன்னது தனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அளவில் தகராறு வந்தால் வெளியாள் ஒருவர் எண்ணிச் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வெளியாளாக என்னை இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள். நான் நியாயஸ்தி என்பதற்காக அல்ல. வேறு ஆள் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத்திலிருந்து வந்து இங்கே தறி போட்டவர்கள் எங்கள் முன்னோர். தமிழை நான் தெருவில் காதால் கேட்டுக் கேட்டுப் படித்தவள். அதனால் தமிழையே பேசி வளர்ந்தவர்களைவிட என் காது கூர்மை என்று நினைப்பு. அந்த வீடியோ கூட்டத்தின் பதிவைப் போட்டால் த்தா ந்தா என்று நொடியில் சொல்லிவிடலாம் என்றுதான் விளாங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

பதிவைப் போட்டார்கள். ஆலோசகர் கேள்வி கேட்கிறார். தவசி வாயைத் திறக்கிறார். "அம்புட்டு" என்பது கணீரென்று கேட்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் பருப்பு உடைக்கும் இயந்திரம் ஒரு கல்லைக் கடித்துத் துப்புகிறது. பிறகு "தேன்" கேட்கிறது. வேகத்தைக் குறைத்துப் போட்டார்கள். அப்போது தவசி பேசுவது கிணற்றுக்குள் இருந்து மாடு கத்துவது போல இருந்ததே தவிர எழுத்து தெளியவில்லை. காதில் மாட்டிக் கேட்டோம், மாட்டாமல் கேட்டோம். கார்த்திகாவின் அலுவலகமே தகரக் கட்சி, நகரக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. நகரக் கட்சிக்காரர்களை அவள் பார்த்த பார்வையில் அவர்களும் சாயங்காலத்துக்குள் தகரத்துக்கு மாறிவிட்டார்கள்.

நான் கிளம்பும்போது படிக்கட்டு வரை கூட வந்தாள்.

"யக்கா, இன்னும் நாலையும் இனாமாச் செஞ்சு குடுன்னா என்னால முடியாதுக்கா. கடையச் சாத்திட்டு இவுகளயெல்லாம் சென்னைக்கு பஸ் ஏத்தி விட வேண்டியதுதேன். நீங்க நம்மூர்க்காரவுக. அது 'த்'துதான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாம்மா" என்றேன். அவள் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை தவசி என் வீட்டு வாசலுக்கு ஒரு மூட்டை உளுத்தம்பருப்பு அனுப்பியிருந்தார். கொண்டுவந்த ஆட்டோக்காரரிடம், "சாம்பிள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் அதில் இரண்டு படி எடுத்து இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டார். நடுநிலைமை என்றால் என்ன என்று ஈர உளுந்துக்கு எதிரே நின்று அவருக்கு விளக்கினேன். கடைக்குப் போய் அதே ரகத்தில் இரண்டு படி வாங்கிக் கொட்டி, வாயைக் கட்டி, அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினேன். அன்றைய இட்லி ரொம்ப நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி எப்படி எண்ணுவது? எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று யாரும் கிடையாது. பழைய கம்பெனியில் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார். என் வயதுதான். எரிச்சல் மூட்டுவதில் மன்னன். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "எங்களுக்கு இது வேணும்" என்று சொன்ன மறு நிமிடம், "நேத்து இத யாரு செஞ்சா?" என்று கேட்பார். நேற்றுச் செய்த ஆள் இருந்தால் எண்ணுவார். இல்லை என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவார். இதனாலேயே அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவரோடு ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை நான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் யாரிடமிருந்தாவது ஒன்றைத் திருடினேன் என்றால் அந்தக் கேள்வியைத்தான்.

நிறுவியிருந்த நான்கு பகுதிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தவசியின் மில்லிலேயே கூட்டம் வைக்கச் சொன்னேன். ஆலோசகர் சென்னையிலிருந்து நேரில் வந்தார். வெயிலில் வந்த களைப்பு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. கார்த்திகா கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தோடு வந்திருந்தாள். தவசி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பருப்புத் தூசி மில்லில் எல்லார் மேலும் படிந்திருந்தது, அவர் சட்டையைத் தவிர. தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம், தகரம் நகரம்னு என்னென்னமோ சொல்றாகளாம். என் வாய் என்ன தகர டப்பாவா? நான் தெளிவாச் சொன்னேன், அம்புட்டுந்தேன்னு" என்றார் தவசி. இப்போது அந்த 'ந்' சங்கீதக் கச்சேரியில் போல நீண்டு ஒலித்தது.

"சார், ஆனா மினிட்ஸ்ல…" என்று ஆலோசகர் ஆரம்பித்தார்.

"அந்தப் பேச்சே வேணாம்" என்றேன். "அண்ணே, நீங்க என்ன சொன்னீகங்கிறத நான் எண்ண வரல. என்ன செய்யிறீகங்கிறதத்தேன் எண்ணுவேன். இயந்திரப் பராமரிப்பு கேக்குறீக. நேத்து அத யாரு செஞ்சா?"

"மெஷினு நின்னா மெக்கானிக் பாண்டிக்குப் போனப் போடுவேன். வருவான், தட்டுவான், ஓடும்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி அவன எதுக்குக் கூப்புடுறது?"

"லாரிப் போக்குவரத்து?"

"லாரி நம்மளது இல்லையே. வாடகைக்கு எடுக்குறது. அவுக பாத்துக்கிருவாக."

"தரச் சோதனை?"

தவசி மேசை மேலிருந்த உளுந்தில் ஒரு கை அள்ளி, ஊதி, வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்தார். "இம்புட்டுத்தேன் சோதன" என்றார். அதில் தகரம் நன்றாகக் கேட்டது. கார்த்திகா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆள் வருகைக்கு வந்தபோது அவரே சிரித்துவிட்டார். மில்லில் இருந்த எல்லோரும் அவருடைய சொந்த பந்தம். வராதவனை வீட்டுக்குப் போய்த் திட்டிக் கூட்டி வருவதுதான் அங்கே வருகைப் பதிவு.

"அப்ப இந்த நாலும் வந்தா யாருண்ணே உக்காந்து பதிஞ்சு வைப்பா?"

ஆள் கெட்டிக்காரர். நான் எங்கே கொண்டுபோகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது நியாயம் என்பதும் புரிந்துவிட்டது. "இருக்குன்னு காட்டுனாக, நானும் கேட்டேன். இல்லாட்டி இல்லைன்னு போகுது. அந்தக் காயிதத்த இங்கிட்டுக் குடு ஆத்தா" என்று கார்த்திகாவிடம் கையை நீட்டினார்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல நாளாகத் தூங்காத முகம். காகிதத்தை அவர் முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. சென்னை ஆலோசகர் மணியைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூட ஆரம்பித்தார்.

தவசியின் போன் அடித்தது.

"சொல்லு மாப்ள… எம்புட்டு மூட? … கொண்டாந்து எறக்கிட்டுப் போ. வெல அப்பறம் பேசிக்கிருவம். ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப வந்து முடி. நான் எங்க ஓடிறவா போறேன்? … செரி, வச்சிரு."

போனை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அங்கே இருந்தவர்களில் யார் காதிலும் அது விழவில்லை. விழுந்தது, ஆனால் பேச்சாக விழவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது காற்றடிக்கிற சத்தம் போல. சென்னை ஆலோசகருக்கு அது யாரோ யாரிடமோ பேசும் போன். விவசாயி சரக்கைக் கொண்டுவந்து மில்லில் இறக்கிவிட்டுப் போவார். அன்றைக்கு விலை பேச மாட்டார்கள். விலை ஏறும் என்று நினைத்தால் காத்திருப்பார். தேவை வந்தால் பாதிக்கு மட்டும் விலையை முடிப்பார். இடையில் அவசரம் என்றால் கொஞ்சம் பணம் வாங்கிக்கொள்வார். மனம் மாறினால் சரக்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டும் போவார். சரக்கு மில்லில் இருக்கும். ஆனால் மில்லுடையது இல்லை.

நான் எண்ணிய கொள்முதல் பகுதியை மனதுக்குள் புரட்டினேன். விலை இல்லாத கொள்முதல் என்று அதில் ஒன்றுமே இல்லை. சிறிய நான்கிலும் இல்லை, பெரிய எட்டிலும் இல்லை. இவர்கள் 'த்'துக்கும் 'ந்'துக்கும் சண்டை போட்ட காரியங்களுக்கு வெளியே, தவசி தினமும் செய்யும் பெரிய காரியம் உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தப்படி என் வேலை முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் செய்தது முழுக்க முழுக்கச் சரி. கார்த்திகாவுக்குக் கையெழுத்து கிடைக்கும், அவளுடைய ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அறுவடை முடிந்து உளுந்து வரத்துத் தொடங்கும்போது மில் திணறும், ஆனால் அப்போது என்னை யாரும் கேட்கப் போவதில்லை. பேனா காகிதத்துக்கு மேலே வந்துவிட்டது. நான் ரொம்ப நல்லவள் என்று நினைக்காதீர்கள். அந்த நிமிடம் நான் கும்பிட்டது, தவசி சீக்கிரம் கையெழுத்துப் போட்டுத் தொலைக்க வேண்டும் என்றுதான்.

அவர் போடவில்லை. முதலில் பேனா எழுதவில்லை. உதறினார். அந்த உதறலுக்குள் பழைய எரிச்சல் மன்னன் என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இப்பப் போன்ல சொன்னீகள்ல, எறக்கிட்டுப் போ, வெல அப்பறம்னு. நேத்து அத யாரு செஞ்சா?"

"நாந்தேன். தெனமும் நாந்தேன். வேற யாரு செய்வா?"

"அது இந்த மென்பொருள்ல எங்க வருதுண்ணே?"

தவசி கார்த்திகாவைப் பார்த்தார். கார்த்திகா ஆலோசகரைப் பார்த்தாள்.

"வெலையில்லாம பர்ச்சேஸ்னு ஒண்ணு கிடையாதே மேடம்" என்றார் ஆலோசகர், குழந்தைக்குச் சொல்வது போல.

"எங்கூர்ல வெலையோட பர்ச்சேஸ்னு ஒண்ணு கெடையாதுங்க" என்றார் தவசி.

"ஆனா ட்ரையல்ல நூத்துக்கணக்கில என்ட்ரி போட்டிருக்காங்களே சார்?" என்று ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். சரக்கு இருந்தது, எடை இருந்தது, விவசாயியின் பெயர் இருந்தது. விலை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு ரூபாய், ஒரு ரூபாய், ஒரு ரூபாய். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பேக்கேஜ் நகராது. அதனால் கணக்குப் பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒன்று என்று தட்டிவிட்டிருக்கிறார். சோதனைக்காகப் போட்டது என்று நானும் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து வந்திருந்தேன். பேக்கேஜின் கணக்குப்படி, பேரையூர்ச் சீமையின் உளுந்தை எல்லாம் மூட்டை ஒரு ரூபாய்க்கு வாங்கிக் குவித்த மகராசன் தவசி.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நல்லவேள, கையெழுத்துப் போடல" என்றார்.

கார்த்திகாவின் அப்பாவே அந்தப் பக்கத்து விவசாயிதான். வருஷா வருஷம் இதே மில்களில் சரக்கை இறக்கிவிட்டு விலைக்குக் காத்திருந்தவர். "இது தெரியாதாம்மா ஒனக்கு?" என்று நான் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதெல்லாம் சொல்ற விசயமாக்கா? தண்ணி குடிக்கிறதயா எழுதச் சொல்லுவாக?" என்றாள். அவள் சொன்னது நிஜம். அயலூரிலிருந்து ஒரு முட்டாள் வந்து எண்ணியிருந்தால், "விலை எப்போது பேசுவீர்கள்?" என்று முதல் நாளே கேட்டிருப்பான். எல்லோரும் உள்ளூர்க்காரர்களாகவோ விவரம் தெரிந்தவர்களாகவோ இருந்ததால் வந்த வினை இது.

தவசி வியாபாரி. கோபப்பட்டு எழுந்து போகவில்லை. கணக்குப் போட்டார். "மேடம், அந்த நாலும் எனக்கு வேணாம். அதுக்குப் பதிலா இந்த ஒண்ண எடுத்துக்கிறேன். எண்ணிக்க எம்புட்டு வருது?"

எண்ணினேன். இறக்குவது, இருப்பில் தனியாகக் காட்டுவது, விலை முடிப்பது, பாதிக்கு முடிப்பது, முன்பணம் கொடுப்பது, திருப்பிக் கொடுப்பது. எல்லாம் கூட்டினால் அந்த நான்கு பகுதிகளின் அளவுக்கு ஏறக்குறையப் பக்கத்தில் வந்தது.

"அப்ப சரிக்குச் சரி" என்றார்.

"இல்லண்ணே. அளவு சரிக்குச் சரி. வேல அப்படியில்ல. அந்த நாலும் பேக்கேஜ்ல தச்சு மாட்டியிருக்கு, எடுத்துப் போட வேண்டியதுதேன். இது துணியே இல்ல. நூலு நூத்து நெய்யணும். வரத்து தொடங்குற வரைக்கும் இந்தப் புள்ளைக்கு நீங்க தவண குடுக்கணும். அதுக்கு ஆகுற கூலியையும் தனியாப் பேசணும்."

பேக்கேஜ்களை அளக்கும்போது இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு காரியங்களில் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கும், மற்றொன்று எங்குமே இருக்காது. எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தால் அந்த எண்ணே ஒருவரை மூழ்கடித்துவிடும். தவசி முணுமுணுத்தார், பேரம் பேசினார், கடைசியில் ஒத்துக்கொண்டார்.

ஆனால் வேலையை ஏற்றுக்கொண்ட கார்த்திகா, நான் செய்ததை ஒத்துக்கொள்ளவில்லை. மில் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"யக்கா, ஒரு நிமிசம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? நீங்க யாரு பக்கம்க்கா?"

எண்ணுகிறவள் யார் பக்கமும் இல்லை என்று கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அவளிடமிருந்து இரண்டு பேர் சென்னைக்குப் போய்விட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். நான் பேசியது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் உளுத்தம்பருப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். வீட்டில் கொஞ்ச நாள் சப்பாத்திதான்.

வரத்துக் காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது கார்த்திகாவிடமிருந்து போன். எடுத்தேன். போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்கிறாள் போலிருந்தது. பருப்பு உடைக்கும் இயந்திரம் ஓடியது. மூட்டைகள் விழுந்தன. நடுவே தவசியின் குரல், "எறக்கிட்டுப் போ மாப்ள, வெல அப்பறம்." பக்கத்திலேயே விசைப்பலகை தட்டும் ஓசை. விலைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு யாரோ அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கார்த்திகா, அன்னைக்கு எண்ணுனதுல எம்புட்டும்மா ஓடுது?" என்று கேட்டேன்.

"அம்புட்டு" என்றாள் அவள். இயந்திரம் ஒரு கல்லைக் கடித்தது. "தேன்க்கா."

இத்தனை வருஷக் கர்வத்தை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்தேன். "சரியாக் கேக்கலம்மா. இன்னொரு வாட்டி சொல்லு."

அவள் நடந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. இயந்திரத்தின் இரைச்சல் மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு, ஒவ்வோர் எழுத்தாக, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்புட்டுந்தேன்க்கா."